நித்தியகல்யாணியும் புற்றுநோய் மருந்தும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முற்றத்தும் இடுகாட்டோரத்தும் நீர் விடுவாரின்றியே ஆண்டு முழுதும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை அறியாதார் ஈண்டு ஒருவருமிலர். சுடுகாட்டுமல்லி என்று இகழப்படுவதும் இச்செடியே. இதன் இலைச்சாறு புற்றுநோயை அறவே போக்கும் என்றொரு சொல் நம்மவரிடையே பரவி வருகின்றது. அச்சொல்லில் மெய் எத்துணை, பொய் எத்துணை என்று பிரித்துக் காட்டுதலே யான் மேற்கொண்ட பொருள்.

இச்செடியின் பிறப்பிடம் மடகாசுகரத் தீவு. கடல் கடந்து வந்து நம் மண்ணிற் குடிபுகுந்தது. ஆதலின், நம் முன்னோர் கண்ட புற்றுநோய் மருந்து இஃதென மார்தட்டுதல் பொருந்தாது. பல நாட்டு மக்களும் இதனை நீரிழிவுக்கே வழங்கி வந்தனர்.

1952-ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவினின்று ஓர் உறையில் 25 இலைகள் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அங்குள்ளோர் நீரிழிவுக்கு இதனைக் காய்ச்சிக் குடிப்பதாகச் செய்தி. அவர் அவற்றைத் தம் தம்பியார் இராபர்ட் நோபிளிடம் சேர்ப்பித்தார். தம்பியார் எலிகளுக்குச் சாற்றை வாய்வழி ஊட்டினார், சர்க்கரை இறங்கவில்லை. ஊசிவழிச் செலுத்தியபோதோ, எலிகள் சின்னாளில் தொற்றுநோயால் மடிந்தன. பிறரொருவராயின் இலையை எறிந்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பர். நோபிளோ, இவை ஏன் மடிந்தன என்று வினவினார். இரத்தத்து வெள்ளணுக்கள் பெரிதுங் குறைந்திருந்தன. அவ்வணுக்களைக் குறைக்கும் பொருள், அவை வரம்பின்றிப் பெருகும் இரத்தப் புற்றுக்கு உதவுமன்றோ? சார்லஸ் பீர் என்னும் இரசாயன நூல் வல்லாருடன் கூடி உழைத்து, வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தார். அதன் உடன்பிறப்பாகிய வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது.

உடலின் அணு ஒன்று இரண்டாகப் பிரியுங்கால் அதனுள் நுண்ணிழைகள் தோன்றி அதனைப் பகுக்கும். அவ்விழைகள் உருவாகாமல் இம்மருந்துகள் தடுக்கின்றன. பிரிய இயலாத அணு மடிகின்றது. முன்னாளிற் குழந்தைகளின் இரத்தப் புற்று ஏறக்குறைய உறுதியான மரணமே. இந்நாளில் வின்கிரிஸ்டினும் பிற மருந்துகளும் சேர்த்து முறையாக அளிக்குமிடத்துப் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கின்றனர்.

இது மெய். இனிப் பொய்யைக் கேளுங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினை ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேற் கொடுப்பதில்லை. அதுவும் நரம்பூசி வழியே. அளவு மிகின் அதுவே நஞ்சு. வாய்வழி ஊட்டிய சாறு எலிகளிடத்து யாதுஞ் செய்யாமையை முன்னரே கண்டோம். இலையிலோ நூற்றுக்கு மேற்பட்ட காரப்பொருள்கள் கலந்துள்ளன. ஒரு குவளைச் சாற்றில் எது எவ்வளவென்று யாரறிவார்? அன்றியும், ஒரு புற்றுக்கு உதவும் மருந்து மற்றொன்றிற்கு உதவ வேண்டுமென்பதில்லை.

(தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தில் இதனைப் பயிரிடுவோர்க்கு ஒரு சொல்: 2022-இல் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொண்டே இம்மருந்தின் இரு மூலக்கூறுகளையும் ஆக்கிக் காட்டிவிட்டனர். இலை வாணிகம் ஒன்றையே நம்புவோர் இதனைக் கருதுக.)

நம் சுற்றத்தாருள் ஓர் அம்மையார் மார்பிற் கட்டி கண்டும் ஏழு திங்கள் வெளியிடாது, இச்சாற்றையே பருகி வந்தார். மகளுக்கு மணம் பேசுங்காலம். நோய்ப்பெயர் வெளிப்பட்டால் வரன் நழுவுமென்னும் அச்சம். அவ்வச்சத்தை ஊட்டியவர் நாமே. பெண் கேட்கச் செல்வோர், “தாய்க்கு ஏதேனும் நோயுண்டோ?” என்று வினவும் வழக்கத்தை இன்றே கைவிடல் வேண்டும். தொடக்கத்திற் காணும் கட்டிக்கும் ஏழு திங்கள் வளர்ந்ததற்கும் மருத்துவம் ஒன்றன்று.

நாட்டு மருந்து உண்போரும் அதனை மருத்துவரிடம் ஒளியாது உரைக்க. சில பச்சிலைகள் புற்று மருந்தின் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் கூடும். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையம் இன்றும் உளது. அங்குச் செல்வோர்க்கும் உடன் செல்வோர்க்கும் வண்டிச் செலவையும் தங்கற் செலவையும் நம் அறநிதியினின்று, பெயர் வெளியிடாமல் வழங்குமாறு நிருவாகக் குழுவினரை வணக்கத்துடன் வேண்டிக்கொள்கிறேன்.