சாட்சி சொல்லப் போனவர்கள்

(யூபிலி விழாவையொட்டி நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிலாளர் சட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிரிவு பிரிவாகச் சொன்னால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே, சில சட்டங்கள் எப்படிப் பிறந்தன என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

1929-இல் பிரிட்டிஷ் அரசு இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரிக்க ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. தலைவர், பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் சபாநாயகராய் இருந்த ஜான் ஹென்றி விட்லி. அதனால் அதை விட்லி கமிஷன் என்பார்கள். நம் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அதில் ஓர் உறுப்பினர். தொழிற்சங்கத்து என். எம். ஜோஷியும் இருந்தார், ஆலை முதலாளி பிர்லாவும் இருந்தார். பெரில் பவர் என்ற ஒரே ஒரு பெண்மணியும் உண்டு.

கமிஷன் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டது. முதலாளிகள், அதிகாரிகள், சங்கத்தார் மட்டுமல்ல. ஆலையில் நிற்கிற ஆணும் பெண்ணுமே சில இடங்களில் வந்து பதில் சொன்னார்கள். சென்னை மாகாணத்துச் சாட்சியத்துக்கென்றே ஒரு தொகுதி அச்சிடப்பட்டது.

போகலாமா வேண்டாமா என்று அன்று பெரிய சண்டை. 1929 இறுதியில் நாகபுரியில், ஜவஹர்லால் நேரு தலைமையில் கூடிய ஏ.ஐ.டி.யு.சி. மாநாடு கமிஷனைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. ஜோஷியும் அவருடன் நின்றவர்களும் வெளியேறினார்கள், சங்கமே உடைந்தது. அந்நியன் நியமித்த கமிஷனிடம் நியாயம் கேட்பதா என்ற கேள்வி லேசானதல்ல. என்றாலும் சொல்ல ஆள் போகாதிருந்தால், முதலாளிகள் சொன்னது மட்டுமே ஏட்டில் ஏறியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஏட்டில் ஏறியவற்றுள் ஒன்றைத் தாய்மார்கள் கவனித்துக் கேளுங்கள். 1931-இல் வந்த அறிக்கை, பீடிப் பட்டறைகளில் ஐந்து வயதுப் பிள்ளைகளும் இருந்ததாகச் சொல்கிறது. சில இடங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை. சரியான சாப்பாட்டு இடைவேளை இல்லை, வார விடுமுறை இல்லை. மிகச் சிறியவர்களுக்கு நாள் கூலி இரண்டணா வரைகூட இறங்கியது. சிறுவர்களை அடிப்பதும் உண்டு என்று நம்பக் காரணம் இருப்பதாகக் கமிஷன் எழுதியது. தகப்பன் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பையே அடகு எழுதிக் கொடுப்பான். நகையை அடகு வைத்தால் மீட்டுவிடலாம். பிள்ளையின் பால்யத்தை எந்தக் கடையில் போய் மீட்பது?

1933-இல் சட்டம் வந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது. எழுதிக்கொடுத்த பெற்றோருக்கு ஐம்பது ரூபாய் வரை, தெரிந்தே வேலை வாங்கியவனுக்கு இருநூறு ரூபாய் வரை அபராதம். பல்லில்லாத சட்டம்தான். பீடித் தொழிலுக்கென்றே தனி மத்தியச் சட்டம் 1966 வரை வரவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1934-இன் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் வார வேலையை அறுபது மணியிலிருந்து ஐம்பத்து நான்காகக் குறைத்தது. 1936-இன் கூலி வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைந்த இடத்தில் ஏழாம் நாளுக்குள், மற்ற இடத்தில் பத்தாம் நாளுக்குள் கூலி தரவேண்டும் என்றது. அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக்கூடாது. அந்தப் பணமும் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். அதுவரை மேஸ்திரி வைத்ததே கணக்கு!

ராயல் கமிஷன் இனி வராது. ஆனால் கேட்கும் வழி அடைபடவில்லை. 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இருந்த முறை, 2019-இன் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. கூலியை நிர்ணயிக்க அரசு ஒரு குழு அமைத்து விசாரிக்கலாம். அல்லது உத்தேசக் கூலியை அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாதம் தவணை விட்டு, பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்கவேண்டும்.

அந்த இரண்டு மாதத்தில் முதலாளிகள் தரப்பிலிருந்து மனு தவறாமல் போய்விடும். ஆயிரம் பீடி சுருட்ட எத்தனை மணி ஆகிறது, கழிவு என்று எத்தனை தள்ளப்படுகிறது, இலை குறைந்தால் யார் கைக்காசு போட்டு வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அரசிதழைப் பார்த்துச் சொல்லவும், மனு எழுதவும் நம் இளைஞர் மன்றத்தில் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் இருப்பார்கள்.