கருமையின் ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல்



அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் 1955இல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தால் 1963இல் உலகறிந்த ஊர் அது. அவ்வாண்டே அவர் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதிக்குப் பெயர்ந்தது. ஈராண்டில் அங்கும் கலவரத்தீ மூண்டது. ஓடிஸ் கலைக்கல்லூரியில் சார்ல்ஸ் ஒயிட் அவருக்கு ஆசானாய் வாய்த்தார். நல்லாசான் வாய்ப்பதும் ஒரு பேறுதானே!

அவரைத் திருப்பியது ஓர் இலக்கிய நூல் என்பது இவ்வவைக்கு உவப்பான செய்தி. ரால்ஃப் எலிசன் 1952இல் வெளியிட்ட 'கண்ணுக்குப் புலப்படா மனிதன்' என்னும் புதினமே அது. கண்ணெதிரே நின்றும் காணப்படாத கறுப்பின மனிதனின் கதை. அதன் தாக்கத்தில் 1980இல் மார்ஷல் கையகலத் தாளில் ஓர் உருவம் தீட்டினார். கரிய பின்புலத்தில் கரிய முகம். கண்ணின் வெண்மையும் பல்வரிசையும் சட்டையின் வெளுப்புமே முதலில் புலனாகும். உற்று நோக்குவார்க்கே முகம் துலங்கும்.

அன்றுமுதல் அவர் தீட்டும் மாந்தர் பழுப்பு நிறத்தவர் அல்லர். முழுக் கருப்பு நிறத்தவர். கரித்தூள் கருப்பு, எலும்புக் கருப்பு, இரும்புத்துருக் கருப்பு என மூவகைக் கருமையை எடுத்து, நீலமும் பச்சையும் சிறிதே கலந்து, வெம்மையும் தண்மையும் வேறுபடக் குழைக்கிறார். ஒரு சொல்லுக்குள் பல சாயல் காணும் கவிஞர்க்கு இது புதிதன்று. 1993இல் முடிதிருத்தகக் காட்சி ஒன்றைப் பத்தடி அகலத் திரையில் தீட்டினார். பண்டை ஐரோப்பியர் மன்னர்க்களித்த பெருமிதம் அங்கே எளிய மக்களுக்கு வாய்த்தது.

பரிசும் புகழும் பின்னர் வந்தன. 2016இல் சிகாகோவில் அவர்தம் பெருங்காட்சியும் தொடங்கியது. ஆயினும் சொல்லவேண்டியது வேறொன்று. சிகாகோவின் மேற்குப்புற நூலகம் ஒன்றிற்காக 1995இல் அவர் ஒரு பேரோவியம் வரைந்திருந்தார். 2018 மே மாதத்தில், 25,000 டாலருக்கு வாங்கப்பட்ட அவருடைய வேறோர் ஓவியம் 2 கோடியே 11 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. விலை கண்ட நகராட்சி, நூலகச் சீரமைப்புக்கெனக் கூறி அந்தப் பேரோவியத்தையும் விற்க முனைந்தது. மக்களுக்காக வரைந்ததை விற்பதா என ஓவியரே வெளிப்படையாகக் குறைகூறினார். நவம்பரில் நகரத்தலைவர் ஏலத்திலிருந்து அதைத் திரும்பப் பெற்றார்.

அவ்வோவியத்தில் கறுப்பினச் சிறுவரும் பெரியோரும் நமக்கு முதுகு காட்டி, தம்மினும் உயர்ந்த நூல்களை அண்ணாந்து நோக்கி நிற்கின்றனர்.