கைமாறும் கைதிகள்: விசாரணையில்லாச் சிறையும் பரிமாற்றப் பேரமும்



வாழ்நாள் முழுவதும் குற்றவியல் வழக்குகளை நடத்திய ஒரு வழக்கறிஞரின் நினைவாக நடைபெறும் சொற்பொழிவு இது. வழக்கே இல்லாத கைதிகளைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தம் என்று நினைத்தேன். மேற்காசியப் போரின் முழு வரலாற்றையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒரே ஒரு சட்டத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

2025 அக்டோபர் 13 அன்று நடந்த பரிமாற்றத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். காசாவில் உயிரோடு எஞ்சியிருந்த 20 பணயக்கைதிகளை ஹமாஸ் விடுவித்தது. இஸ்ரேல் இரண்டு வகையினரை விடுவித்தது. ஒரு வகையினர் ஆயுள் தண்டனையோ நீண்டகாலத் தண்டனையோ பெற்ற சுமார் 250 பேர். செய்திகளில் அடிபட்ட பெயர்கள் எல்லாம் இவர்களுடையவை. இன்னொரு வகையினர் 1,700-க்கும் மேற்பட்ட காசாவாசிகள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு பிடிக்கப்பட்டவர்கள். இவர்கள் மீது குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை. ஒரு மாதம் முன்புவரை வெளியே விட்டால் நாட்டுக்கே ஆபத்து என்று சொல்லப்பட்டவர்கள், ஒப்பந்தம் கையெழுத்தானதும் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். இவர்களை உள்ளே வைத்த சட்டம் எங்கிருந்து வந்தது?

அதற்குத் தெற்கு லெபனானுக்குப் போக வேண்டும். 1986 அக்டோபரில் இஸ்ரேலிய விமானப்படையின் ரான் ஆராத் லெபனானில் விமானத்திலிருந்து குதித்து உயிரோடு பிடிபட்டார். அவரை மீட்க ஒரு பிடி வேண்டும் என்று இஸ்ரேல் நினைத்தது. 1989 ஜூலையில் ஜிப்சித் கிராமத்துக்குள் இரவில் புகுந்த இஸ்ரேலியக் கமாண்டோக்கள் ஷேக் அப்துல் கரீம் ஒபைத் என்ற மதத்தலைவரை வீட்டிலிருந்து தூக்கிச் சென்றார்கள். 1994 மே மாதம் முஸ்தபா திரானியும் அதே முறையில் கொண்டுவரப்பட்டார். ஆராத் ஒரு காலத்தில் திரானியின் கையில் இருந்தவர். இந்த இருவரையும் விட்டுவிடுங்கள், அவர்கள் லெபனான் போரில் பெயர் பெற்றவர்கள். அவர்களோடு கூடவே பெயர் தெரியாத லெபனான் இளைஞர்கள் சிலரும் இஸ்ரேலியச் சிறையில் இருந்தார்கள். சிறு தண்டனை பெற்று, அதை முழுதாக அனுபவித்து முடித்தவர்கள். விடுதலை நாள் வந்தும் கதவு திறக்கவில்லை. 1979-ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தின்படி ஆறு மாதம், பிறகு இன்னொரு ஆறு மாதம் என்று ஆண்டுக்கணக்கில் நீட்டித்துக்கொண்டே போனார்கள்.

இதில் வியப்பு, அரசு எதையும் மறைக்கவில்லை. இவர்களால் தனிப்பட்ட ஆபத்து இல்லை என்று நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டது. பேரம் பேசுவதற்காகத்தான் வைத்திருக்கிறோம் என்றது. 1997-ல் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வில் இருவர் அது சரி என்றார்கள். சிறைப்பட்ட வீரர்களை மீட்பதும் நாட்டின் பாதுகாப்பில் சேர்ந்ததுதான் என்று எழுதியவர் தலைமை நீதிபதி அஹரோன் பராக். டாலியா டோர்னர் மாறுபட்டார். வழக்கு ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போயிற்று. 2000 ஏப்ரல் 12 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு தலைகீழானது. எழுதியவர் அதே பராக். தன்னளவில் ஆபத்து இல்லாத ஒருவரை, இன்னொருவரிடமிருந்து எதையோ பெறுவதற்காக அடைத்துவைக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை என்பது அதன் சாரம். அதே மாதத்தில் 13 லெபனானியர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். தன் தீர்ப்பைத் தானே திருத்தி எழுத ஒரு நீதிபதிக்கு நெஞ்சுரம் வேண்டும். உலகம் முழுவதும் சட்டப் பேராசிரியர்கள் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடினார்கள். அதை நானும் இன்றுவரை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் ஒபைதும் திரானியும் வெளியே வரவில்லை. தீர்ப்பு சட்டத்தில் இடமில்லை என்றுதானே சொன்னது, இடமுள்ள சட்டம் ஒன்றைச் செய்தால் போகிறது என்று நாடாளுமன்றம் நினைத்தது. 2002 மார்ச் மாதம் 'சட்டவிரோதப் போராளிகள்' சிறைவைப்புச் சட்டம் நிறைவேறியது. படைத்தலைவர் கையெழுத்திட்டால் போதும். காலவரம்பு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட நீதிபதி பார்ப்பார். அந்த மனிதர் எந்த அமைப்பைச் சேர்ந்தவராகக் கருதப்படுகிறாரோ அந்த அமைப்போடு சண்டை நீடிக்கும்வரை அவரை விடுவது ஆபத்து என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அனுமானத்தை உடைக்கும் பாரம் கைதியின் தலையில். ஆபத்து இல்லாதவரை வைத்திருக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. எல்லோரும் ஆபத்தானவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் பதில் சொன்னது. கடைசியில் 2004 ஜனவரியில், ஜெர்மனியின் தூதால், ஒபைதும் திரானியும் 400-க்கும் மேற்பட்ட மற்ற கைதிகளும் விடுவிக்கப்பட்டார்கள். லெபனான் பக்கத்திலிருந்து ஒரு இஸ்ரேலியத் தொழிலதிபரும் மூன்று சிப்பாய்களின் உடல்களும் வந்தன. ரான் ஆராத் வரவில்லை.

இரண்டு லெபனானியர்களுக்காகத் தைத்த சட்டை காசாவுக்கு எப்படிப் பொருந்தியது? 2005-ல் இஸ்ரேல் காசாவிலிருந்து வெளியேறியபோது அங்கே அதன் ராணுவ ஆணைகள் செல்லாமல் போயின. காசாவாசிகளை விசாரணையின்றி வைக்க இந்தச் சட்டம் கைகொடுத்தது. 2008-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2023 டிசம்பரில் செய்த திருத்தத்தால், பிடிபட்டவரை நீதிபதி முன் நிறுத்தவே 75 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. வழக்கறிஞரைப் பார்க்க அதைவிடவும் நீண்ட காத்திருப்பு. அக்டோபர் 13 அன்று பேருந்தில் ஏறியவர்களின் கதை இதுதான்.

மேற்குக் கரையில் நடைமுறை வேறு, வேரும் வேறு. வேர் பிரிட்டிஷ்காரர்களுடையது. 1945-ல் பாலஸ்தீனத்தில் அவர்கள் போட்ட அவசரகாலப் பாதுகாப்பு விதிகள் முதலில் பாய்ந்தது யூதத் தலைமறைவு இயக்கங்கள் மீது. அந்த இயக்கங்களில் ஒன்றின் தலைவர்களில் ஒருவரான இட்சாக் ஷமீரை 1946-ல் பிடித்து எரித்திரியாவில் ஒரு முகாமுக்கு நாடு கடத்தினார்கள். அடுத்த ஆண்டே தப்பினார். 1946-லேயே டெல் அவிவில் கூடிய யூத வழக்கறிஞர்கள் மாநாட்டில், நாகரிக நாடு எதிலும் இப்படி ஒரு சட்டம் கிடையாது என்று முழங்கியவர் யாக்கோவ் ஷிம்ஷோன் ஷபிரா. பின்னாளில் ஷபிரா இஸ்ரேலின் சட்ட அமைச்சரானார், ஷமீர் பிரதமரானார். 1987-ல் முதல் இன்திஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சி தொடங்கி, நெகேவ் பாலைவனத்துக் கெட்சியோத் முகாமில் ஆயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் விசாரணையின்றிக் கூடாரங்களில் கிடந்தபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் அந்தப் பழைய கைதிதான்.

இந்தப் பரம்பரையில் நமக்கும் பங்கு உண்டு. ரௌலட் சட்டத்தை எதிர்த்தவர்கள் எழுதிய அரசமைப்பிலேயே தடுப்புக்காவலுக்கு 22-ஆம் பிரிவில் இடம் வைத்தோம். அந்த இடத்தின் அளவு என்ன என்று உச்ச நீதிமன்றம் முதலில் சொன்ன வழக்கே ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாண அரசு, 1950. குண்டர் சட்டத்தில் இன்று உள்ளே இருப்பவர்களை இந்த அரங்கில் உள்ள வழக்கறிஞர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டத்திலாவது காரணம் எழுதித் தரவேண்டும், ஓராண்டு என்ற உச்சவரம்பு உண்டு.

மேற்குக் கரையில் ராணுவத் தளபதியின் ஆணை ஆறு மாதம் வரை செல்லும். எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு வரம்பில்லை. சில நாளுக்குள் ராணுவ நீதிபதி முன் நிறுத்துவார்கள். ஓஃபர் முகாமில் நடக்கும் அந்த விசாரணையைக் கற்பனை செய்துபாருங்கள். வழக்கறிஞர் கையில் இரண்டு மூன்று வரித் தாள் ஒன்று இருக்கும்: இன்ன அமைப்பில் செயல்பட்டார், வட்டாரப் பாதுகாப்புக்கு ஆபத்து. எந்த நாள், எந்த இடம், யார் சொன்னது, ஒன்றும் இராது. பிறகு கைதியையும் வழக்கறிஞரையும் வெளியே அனுப்பிவிட்டு ரகசியக் கோப்பை நீதிபதி படிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வழக்கறிஞர் வாதாட வேண்டும். எங்கே இருந்தாய் என்று கேட்டால்தானே அங்கே இல்லை என்று சொல்ல முடியும்? ஆறு மாதம் முடியும் நாளில் துணிமணியைக் கட்டிவைத்துக் காத்திருப்பவர் கையில் அடுத்த ஆணையைக் கொடுப்பார்கள்.

போர்க்காலத்தில் உளவு ஆதாரத்தை வெளியிட்டால் தகவல் தந்தவர் உயிரோடு இருப்பாரா என்று இஸ்ரேல் கேட்கிறது. நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 78-ஆம் பிரிவு, தவிர்க்கவே முடியாத பாதுகாப்புக் காரணம் இருந்தால் சிறைவைக்க அனுமதிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் 2023 அக்டோபருக்கு முன்பே ஆயிரத்தைத் தாண்டி, பிறகு மூவாயிரத்தையும் தாண்டிய எண்ணிக்கையை விதிவிலக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதோடு, 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ், மேற்குக் கரையில் யூதக் குடியேறிகளுக்கு மட்டும் இந்தத் தடுப்புக்காவல் இனி இல்லை என்று அறிவித்தார். ரகசிய ஆதாரம் தவிர்க்க முடியாதது என்ற வாதத்தை அவரே அன்று பாதி கைவிட்டார்.

இப்போது மறுபக்கம். பணயமாக ஆள் பிடிப்பதை எந்தப் போர்ச் சட்டமும் எந்தச் சூழலிலும் அனுமதிக்கவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று 251 பேரைத் தூக்கிச் சென்றது, அதில் கைக்குழந்தையும் எண்பது வயதைத் தாண்டியவர்களும் தாய்லாந்துப் பண்ணைத் தொழிலாளர்களும் இருந்தது, குற்றம். அவர்கள் பட்ட அநீதியை விசாரணையில்லாக் கைதிகள் பட்டதோடு கழித்துக் கணக்கை நேராக்கிவிட முடியாது. அதற்கு முன்பே, மனநலம் குன்றிய இரு இஸ்ரேலியக் குடிமக்கள், அவேரா மெங்கிஸ்டுவும் ஹிஷாம் அல்-சயீதும், தாமாகவே வேலியைத் தாண்டி 2014-லும் 2015-லும் காசாவுக்குள் போனார்கள். ஹமாஸ் அவர்களைப் பத்தாண்டு வைத்திருந்து 2025 பிப்ரவரியில்தான் விட்டது. இஸ்ரேலியச் சிப்பாய் கிலாத் ஷாலித் 2006 முதல் காசாவில் ஐந்தாண்டுக்கு மேல் பிணையாக இருந்தும் செஞ்சிலுவைச் சங்கம் ஒருமுறைகூட அவரைப் பார்க்க முடியவில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு பாலஸ்தீனக் கைதிகளைச் செஞ்சிலுவை பார்ப்பதை இஸ்ரேலும் நிறுத்திவிட்டது.

இனி பரிமாற்றக் கணக்கு. 2011-ல் ஷாலித் ஒருவரை மீட்க இஸ்ரேல் விட்டது 1,027 பேரை. 1985-ல் ஜிப்ரீல் ஒப்பந்தம் எனப்பட்ட பரிமாற்றத்தில் மூன்று சிப்பாய்களுக்கு 1,150 பேர். 1983-ல் ஆறு பேருக்கு சுமார் 4,500 பேர், அதில் மிகப் பெரும்பகுதி தெற்கு லெபனானின் அன்ஸார் முகாமில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள். இந்தக் கணக்கு யூத மரபுக்கே ஒரு பழைய தலைவலி. கைப்பட்டவரை மீட்பது பெரிய அறம், ஆனால் மதிப்பை மீறி விலை கொடுக்கக் கூடாது என்பது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் விதி. 1286-ல் சிறைப்பட்ட ரோத்தன்பர்க் ரப்பி மெயர், தனக்காகப் பெரும் தொகை கொடுக்கவேண்டாம் என்று மறுத்து 1293-ல் சிறையிலேயே இறந்தார் என்று சொல்வார்கள். உடலையும் விடவில்லை. 1307-ல் ஒரு செல்வந்தர் பணம் கொடுத்து வாங்கி அடக்கம் செய்தார்.

விடுதலையானவர்கள் திரும்ப வந்து கொல்வார்கள் என்று பரிமாற்றத்தை எதிர்க்கும் இஸ்ரேலியர்கள் சொல்கிறார்கள். 1985-ல் ஷேக் அகமது யாசின் வெளிவந்தார், இரண்டே ஆண்டில் ஹமாஸ் பிறந்தது. 2011-ல் வந்தவர், பின்னாளில் அக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்ட யாஹ்யா சின்வார். இந்த அச்சத்தை வெறும் சாக்கு என்று தள்ள மாட்டேன். ஆனால் அச்சம் விடுதலையையே அரைகுறையாக்கிவிட்டது. ஷாலித் பரிமாற்றத்தில் 2011 அக்டோபரில் வெளிவந்த ஹனா ஷலபி 2012 பிப்ரவரியில் மீண்டும் பிடிபட்டுத் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். 43 நாள் உண்ணாவிரதம் இருந்தார். பிறகு வீட்டுக்கு அல்ல, காசாவுக்கு அனுப்பப்பட்டார். 2014 ஜூனில் மூன்று இஸ்ரேலிய இளைஞர்கள் கடத்தப்பட்டபோது, அதே பரிமாற்றத்தில் வெளிவந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோரைத் திரும்பப் பிடித்துப் பலருக்குப் பழைய தண்டனையைத் தொடர வைத்தார்கள். ஒப்பந்தத்தில் கொடுத்ததை ரகசியக் கோப்பால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால், அடுத்த முறை எதிர்ப்பக்கம் இன்னும் கூடுதல் பிடியோடுதான் பேச வரும்.

உயிரோடிருப்பவர்களோடு இது நிற்கவில்லை. பாலஸ்தீனர் உடல்களைப் பேரத்துக்காக வைத்திருக்க 2017 ஜனவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், அதற்குச் சட்டம் இடம் தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2000-ஆம் ஆண்டின் குரல் மீண்டும் கேட்டது போலிருந்தது. 2019 செப்டம்பரில் ஏழு பேர் அமர்வு நான்குக்கு மூன்று என்று அதை மாற்றியது. எந்தச் சட்டத்தின் பேரில்? 1945-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விதிகளின் பேரில். காசாவில் ஹமாஸும் இஸ்ரேலியச் சிப்பாய் ஹதார் கோல்டினின் உடலை 2014 முதல் 2025 நவம்பர் வரை வைத்திருந்தது. 2025 ஒப்பந்தம் ஓர் இஸ்ரேலிய உடலுக்குப் பதினைந்து பாலஸ்தீன உடல்கள் என்று விகிதமே போட்டது.

விசாரணையின்றி வைத்திருப்பவரைப் பரிமாற்றப் பட்டியலில் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. அவருக்கு வழக்கு நடத்துங்கள், இல்லையென்றால் எதையும் வாங்கிக்கொள்ளாமல் விடுங்கள். அதுபோலவே பணயக்கைதியை விடுவிக்க விலை கேட்க எவருக்கும் உரிமையில்லை. இது நடக்கக்கூடியதா என்று கேள்வி நேரத்தில் கேட்பீர்கள். நடக்காது என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது. அக்டோபர் பரிமாற்றத்துக்குப் பிறகும் மேற்குக் கரைத் தடுப்புக்காவலில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரும், 2002 சட்டத்தின் கீழ் ஆயிரத்துக்கு மேற்பட்டோரும் உள்ளேயே இருந்தார்கள். வடகாசாவின் கமால் அத்வான் மருத்துவமனை இயக்குநர், குழந்தை மருத்துவர் ஹுசாம் அபு சஃபியா, 2024 டிசம்பர் 27 அன்று மருத்துவமனையிலேயே பிடிபட்டு இந்தச் சட்டத்தின் கீழ்தான் வைக்கப்பட்டார். அக்டோபர் 13 அன்று விடுவிக்கப்பட்டவர்களில் அவர் இல்லை.