காலாண்டுக் கணக்கும் தோட்டத்து வீடும்

டெலிகோம் மலேசியா போன்ற நிறுவனங்கள் பங்குச் சந்தை விதிப்படி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தம் வரவு செலவை வெளியிடுகின்றன. அது முதலாளிகளின் கணக்கு என்று நாம் ஒதுங்கலாகாது.

ஈப்போ நகரில் ஒரு தெருவில் கண்ணாடியிழைக் கம்பி பதித்தால் பல வீடுகள் இணையச் சேவை பெறும். சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலோ பல கிலோமீட்டர் பதித்தாலும் சில வீடுகளே பெறும். இலாபம் ஒன்றையே கருதினால், கம்பி நம் வாயிலுக்கு வாராது.

இக்குறையை நீக்கவே 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் ஒரு பொது நிதிக்கு வழி வகுத்தது. உரிமம் பெற்ற பெரிய நிறுவனங்கள், விதிகளின்படி கணக்கிடப்பட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டை அதற்குச் செலுத்துகின்றன. உட்புறங்களில் அலைபேசிக் கோபுரங்களும் 'நாடி' இணைய நிலையங்களும் அந்நிதியால் அமைகின்றன. ஆகவே, அவர்தம் வருவாய் உயர்ந்தால் நம் பங்கும் உயரும்.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையமில்லாப் பிள்ளைகளின் பாடம் தடைப்பட்டது. அந்நிலை மீளலாகாது. அலை எட்டாத இடங்களைக் குறித்து, தோட்டக் குடும்பங்கள் ஒன்றுகூடித் தொடர்பு, பல்லூடக ஆணையத்திற்கு எழுதுவோம். இது சலுகையன்று, சட்டம் நமக்கென ஒதுக்கிய பங்கு.