எந்தக் கால் சார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "நீயும் ஏதாவது பேசணும், ஆனா மில்லைப் பத்திப் பேசிராதே, எல்லாரும் தூங்கிருவாங்க" என்றார். நான் 2007-இல் சேர்ந்து 2011-இல் வெளியே போன மெக்கானிக்கல் பேட்ச். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடைப்பந்து நடுவர். மில்லை விட்டால் எனக்குத் தெரிந்தது விசில் ஒன்றுதான். அதனால் இன்றைக்கு ஒரே ஒரு விசிலைப் பற்றிப் பேசப் போகிறேன். நடுவர் இரண்டு முஷ்டியையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டிக் காட்டுவாரே, டிராவலிங், அந்த விசில். நம்ம ஊர் மைதானங்களில் 'ஸ்டெப்ஸ்' என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும்.

2018-ஆம் வருஷம். திண்டுக்கல்லில் பள்ளிப் பையன்களுக்கான ஒரு போட்டி. ஒட்டன்சத்திரம் பக்கத்து கிராமத்துப் பள்ளி அணி ஒன்று, டவுன் பள்ளி ஒன்றோடு மோதியது. கடைசி ஒன்பது விநாடி. கிராமத்து அணி ஒரு பாயிண்ட் பின்னால். பத்தாவது படிக்கிற ஒரு ஒல்லிப் பையன் வலது பக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்தான். பந்தை இரண்டு கையாலும் அள்ளினான், இடது, வலது, எம்பினான், போட்டான். பந்து உள்ளே விழுந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே என் விசில் ஊதியாகிவிட்டது. டிராவலிங். கூடை செல்லாது. பந்து எதிரணிக்கு.

அந்தப் பையன் சண்டை போடவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "எந்தக் கால் சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் உண்மை. ஏதோ ஒரு காலடி கூடுதலாக விழுந்தது போல இருந்தது, ஊதிவிட்டேன். நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "பேசாத தம்பி. இன்னொரு வார்த்தை பேசினா டெக்னிக்கல் ஃபௌல்." அவன் பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். ஒரு பாயிண்டில் தோற்றார்கள்.

இந்த விதி எதற்காக வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டைத் தேடினார். அங்கே ஆடிய ஃபுட்பாலில் பந்தோடு ஓடுகிறவனை மற்றவர்கள் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். பலகைத் தரையில் தள்ளினால் எலும்பு முறியும். நெய்ஸ்மித் யோசித்தார்: பந்தை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால், தள்ள வேண்டிய அவசியமே இல்லையே! அந்த ஒரு யோசனையிலிருந்துதான் கூடைப்பந்தே பிறந்தது. அவர் எழுதிய 13 விதிகளில் மூன்றாவது இதுதான். ஓடி வரும்போது பந்தைப் பிடித்தவன் உடனே நிற்க முடியாது என்பதையும் அப்போதே யோசித்து, அதற்கு ஒரு சலுகையும் வைத்தார். 'எத்தனை அடி சலுகை?' என்பதுதான் நூற்று முப்பது வருஷத்துக்கும் மேலாக நடக்கிற சண்டை.

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டம் வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்க் கோர்ட் போட்டார்கள். நம் காலத்தில் மே மாதம் வந்தால் வத்தலக்குண்டு வழியாகப் பஸ் பிடித்துப் பெரியகுளத்துக்கு அகில இந்தியப் போட்டி பார்க்கப் போவோமே, அது ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்கலாம்.

நம் பிசிக்கல் டைரக்டர் சார் டிராவலிங்கைச் சொல்லிக் கொடுத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போது நம் கோர்ட் செம்மண். "டிராயிங் ஹாலில் காம்பஸ் வச்சு வட்டம் போடுறீங்கல்ல? ஊசிக்கால் நகராது, பென்சில் கால் சுத்தும். நின்னுக்கிட்டுப் பந்தைப் பிடிச்சா ஒரு கால் ஊசி, ஒரு கால் பென்சில். ஊசி நகர்ந்தா ஸ்டெப்ஸ்" என்பார். சந்தேகம் வந்தால் குனிந்து மண்ணைப் பார்ப்பார். ஊன்றிய கால் திரும்பியிருந்தால் வட்டமாகத் தடம். இழுத்திருந்தால் நீளமாகக் கோடு. மண்ணே சாட்சி சொல்லும். இன்றைக்கு சிமெண்ட் தரை. அது சாட்சி சொல்லாது.

அவர் சொன்னதெல்லாம் அந்தக் காலத்து விதிப்படி நூற்றுக்கு நூறு சரி. தவறு என்னுடையது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், வாங்கி வைத்துப் பிரிக்காத புதிய விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். 2017 அக்டோபர் 1 முதல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் டிராவலிங் விதியை மாற்றியிருந்தது. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கிறவனோ, தட்டிக்கொண்டு ஓடி வந்து அள்ளுகிறவனோ, பந்து கைக்குள் வந்த பிறகு இரண்டு அடி வைக்கலாம். பந்து கைக்கு வரும் அந்தக் கணத்தில் ஏற்கெனவே தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதைப் பூஜ்ய அடி என்கிறார்கள். பழைய விதியில் அந்தக் கால்தான் ஊசிக்கால். அதைத் தூக்கலாம், பந்தை விடும்வரை திரும்ப ஊன்றக் கூடாது.

இப்போது அந்தப் பையனின் காலை எண்ணிப் பாருங்கள். பந்தை அள்ளும்போது தரையில் இருந்தது வலது கால், பூஜ்யம். பிறகு இடது, ஒன்று. மறுபடி வலது, இரண்டு. எம்பிப் போட்டான். சுத்தமான கூடை. நான் பழைய விதியின் பழக்கத்தில் ஊதியிருக்கிறேன். அந்தப் பழக்கத்திலும் எந்தக் கால் என்று பார்க்கவில்லை.

ஆட்டத்தின் முடிவை மாற்ற முடியாது. ஆனால் மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் லீவு போட்டு பஸ் ஏறி அந்தப் பள்ளிக்குப் போனேன். பையன் மைதானத்தில்தான் இருந்தான். "தம்பி, உன் கால் ரெண்டும் சரி. தப்பு என் மேல" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான்: "அப்ப நாங்க ஜெயிச்சிருப்போமா சார்?"

"ஒன்பது விநாடியில மூணு நாலு விநாடி மிச்சம் இருந்துச்சு. அநேகமா ஜெயிச்சிருப்பீங்க."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எந்தக் கால் என்று என்னால் சொல்ல முடியாவிட்டால் ஊதக் கூடாது.

இதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும். பந்து ஒருவன் கைக்கு வரும்போது எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நடுவர் காலையும் பார்க்க வேண்டும். பந்து கையில் நிலைக்கும் கணத்தில் எந்தக் கால் தரையில் இருக்கிறது? அது தெரிந்தால் மற்றதை எண்ணிவிடலாம். அது தெரியாவிட்டால் அப்புறம் எத்தனை எண்ணினாலும் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது, பார்க்க விசித்திரமாக இருப்பதெல்லாம் தப்பு இல்லை. பையன்கள் இப்போது டி.வி.யிலும் செல்போனிலும் பார்த்துவிட்டு வளைந்து நெளிந்து போகிறார்கள். பந்து கையில் இல்லாமல் தரையில் தட்டிக்கொண்டிருக்கும்போது எத்தனை அடி வைத்தாலும் டிராவலிங் கிடையாது. பந்தோடு விழுந்து தரையில் சறுக்கினாலும் தப்பில்லை. பந்தைப் பிடித்தபடி உருண்டாலோ, எழுந்திருக்கப் பார்த்தாலோதான் தப்பு. கூட்டம் "ஸ்டெப்ஸ், ஸ்டெப்ஸ்" என்று கத்தும். கூட்டத்துக்காக ஊதக் கூடாது.

மூன்றாவது, உண்மையான தப்பு சத்தமில்லாமல் நடக்கும். நின்ற இடத்திலிருந்து பந்தைத் தட்டத் தொடங்கும்போது, பந்து கையை விட்டுப் போவதற்கு முன்னாலேயே ஊசிக்கால் தூக்கிவிடும். கூடைக்கு அடியில் முதுகைக் காட்டி நிற்கிற உயரமான ஆள் ஊசிக்காலை நைசாக நகர்த்துவான். இதை யாரும் கத்த மாட்டார்கள். இதைத்தான் ஊத வேண்டும்.

மில்லிலும் இதே கதைதான். மெஷினில் சத்தம் வந்தால் புது ஆள் உடனே பேரிங்கை மாற்றுவான். அனுபவஸ்தன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் காது வைத்துக் கேட்பான். 'தீர விசாரிப்பதே மெய்' என்று பெரியவர்கள் சொன்னார்கள். நடுவருக்குத் தீர விசாரிக்க அரை விநாடிதான் இருக்கிறது. ஆகவே விசாரணையை வீட்டிலேயே, புத்தகத்தோடு முடித்துவிட்டு வர வேண்டும். நான் அதைச் செய்யாமல் போனேன். அதற்கான விலையை ஒரு பத்தாவது வகுப்புப் பையன் கொடுத்தான்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் சந்திப்பையொட்டி நாம் நடத்தும் பள்ளிகள் போட்டிக்கு ஆளுயரக் கோப்பை வாங்குகிறோம். இந்த வருஷம் கோப்பையைக் கொஞ்சம் சின்னதாக வாங்குவோம். மிச்சப் பணத்தில், போட்டிக்கு வரும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விதிப் புத்தகம் கொடுப்போம். முக்கியமான பகுதிகளைத் தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு. போட்டிக்கு முதல் நாள் நடுவர்களையும் பி.டி. ஆசிரியர்களையும் உட்கார வைத்து ஒரு அரை நாள் வகுப்பு. நம் கோர்ட்டிலேயே நடத்தலாம். சுண்ணாம்புப் பொடியைத் தரையில் தூவிவிட்டுப் பையன்களை ஓடவிட்டால் போதும், பழைய செம்மண் மாதிரி தடம் சாட்சி சொல்லும்.

நாளைக் காலை ஆறு மணிக்கு முன்னாள் மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் ஆட்டம். நடுவர் நான்தான். நாற்பதைத் தாண்டிய அண்ணன்மார்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவது அடி வைத்தால் கண்ணை மூடிக்கொள்வேன் என்று நினைக்க வேண்டாம், ஊதுவேன். ஆனால் யார் வேண்டுமானாலும் என்னிடம் வந்து "எந்தக் கால்?" என்று கேட்கலாம். பதில் சொல்வேன்.