இழந்த கோலத்தை மீட்டல்



நான் பணியாற்றும் மேல்நிலைப் பள்ளியில் ஆண்டு மலரைத் தொகுத்து அச்சுக்கு அனுப்பும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. கட்டுரைகளைத் திருத்துவது எனக்குப் பழகிய வேலை. ஆனால் மலரின் பக்கங்கள் எப்படி இருக்கவேண்டும் என்று வகுத்தவன் நானல்லன். எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் ஒருவர் அதை வகுத்தார். தலைப்பு இடப்பக்கம் தொடங்கவேண்டும். அதன் கீழே மெல்லிய கோடு ஒன்று ஓடவேண்டும். பக்கத்தின் வெளியோரம் சற்று அகலமாக இருக்கவேண்டும். 'ஏன் இவ்வளவு இடத்தை வீணாக்குகிறீர்கள்?' என்று நான் ஒருமுறை கேட்டேன். 'பிள்ளைகள் கட்டைவிரல் வைத்துப் பிடிக்க இடம் வேண்டாமா?' என்றார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் வகுத்த கோலத்திலேயே மலர் இன்றும் வெளிவருகிறது. அல்லது வெளிவருகிறது என்றே நான் நம்பியிருந்தேன்.

இந்த ஆண்டு மலர் அச்சுக்குப் போகவேண்டிய வாரத்தில் அந்தக் கோலத்தை நானே என் கையால் அழித்துவிட்டேன். அது நடந்த விதத்தையும், அதை மீட்ட விதத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மலரை நாங்கள் லிப்ரே ஆஃபீஸ் என்னும் செயலியில் தயாரிக்கிறோம். அன்று மாலை ஆண்டு விழா அழைப்பிதழையும் அதே கணினியில் செய்துகொண்டிருந்தேன். மாணவர் ஒருவர் அழகிய மாதிரிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதிலுள்ள பாணிகளை அழைப்பிதழுக்கு ஏற்றவேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு சாளரங்கள் திறந்திருந்தன. எது முன்னால் இருக்கிறது என்று பாராமல் கட்டளையைக் கொடுத்தேன். ஒரே பெயருள்ள பாணிகள் இருந்தால் பழையதன் மேல் புதியதை எழுதலாம் என்பதற்கும் ஒரு சிறு கட்டம் உண்டு; அதிலும் குறியிட்டேன். மணி அடித்தது. பழக்கத்தால் கோப்பைச் சேமித்து, மூடிவிட்டு, வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை கோப்பைத் திறந்தபோது அது எங்கள் மலராகவே இல்லை. தொண்ணூற்றாறு பக்கம் 113 பக்கமாக வீங்கியிருந்தது. தலைப்புகள் யாவும் பச்சை நிறத்தில் நடுவே நின்றன. மெல்லிய கோட்டைக் காணோம். வெளியோரத்து வெளியும் இல்லை. ஆனால் சொற்களில் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். பிள்ளைகள் எழுதியது எழுதியபடியே இருந்தது. ஆள் அவரே, உடுத்தியிருந்தது மட்டும் வேற்றார் உடை.

எப்படி ஒரே கட்டளையில் இத்தனை பக்கங்களும் மாறின என்று நீங்கள் கேட்கலாம். கணினியில் ஒழுங்காகத் தயாரித்த கோப்பில், 'இந்த வரி பதினெட்டுப் பாயிண்டு அளவில், கறுப்பில், இடப்பக்கம் நிற்கட்டும்' என்று வரிக்கு வரி எழுதுவதில்லை. 'இந்த வரி தலைப்பு' என்று மட்டுமே எழுதுகிறோம். தலைப்பு என்றால் எப்படி நிற்கவேண்டும் என்னும் விதி வேறோர் இடத்தில் ஒரே முறை எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதியை மாற்றினால் கோப்பிலுள்ள எல்லாத் தலைப்புகளும் ஒரு நொடியில் மாறும். நன்மைக்கும் அதுவே வழி. கேட்டுக்கும் அதுவே வழி.

இந்த எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. 1967ஆம் ஆண்டு கனடா நாட்டு அரசாங்க அச்சகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் வில்லியம் டன்னிக்லிஃப் என்பவர், ஆவணத்தின் பொருளையும் அதன் தோற்றத்தையும் பிரித்து வைக்கவேண்டும் என்று பேசினார். அதன்பின் 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப் முதலிய மூவர் அந்த வழியில் ஒரு குறிமொழியை அமைத்தார்கள். இன்று உங்கள் கைப்பேசியில் தோன்றும் பக்கங்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கின்றன.

இந்த விளக்கம் எல்லாம் அன்று காலை எனக்குத் தெரியாது. பதற்றத்தில் இரண்டாவது பிழையையும் செய்தேன். முதற்பிழையைவிட அதுவே பெரிது. கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து, கையால் செய்த ஒப்பனைகளை நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். புதிய உடை கழன்று பழைய உடை வெளிப்படும் என்று நினைத்தேன். வெளிப்படவில்லை. மாறாக, நாங்கள் ஆங்காங்கே கையால் செய்திருந்த சிறு சிறு அமைப்புகள் எல்லாம் போயின. போதாக்குறைக்கு, அதையும் சேமித்து, ஏதாவது மாறுமா என்று கோப்பை மூடித் திறந்தேன். அப்போது இன்னொன்றும் நேர்ந்தது. மலரின் பிற்பகுதியில், பழைய மலர்களிலிருந்து எடுத்து மறுபதிப்புச் செய்யவிருந்த நான்கு கட்டுரைகள் இருந்தன. அவை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாக நின்றன. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தென்படவில்லை.

கணினிப் பாடம் எடுத்துப் படிக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்தேன். மெய்ப்புத் திருத்தும் நால்வரில் அவளும் ஒருத்தி. அவள் வந்து பார்த்துவிட்டு முதலில் சொன்னது இதுதான்: 'ஐயா, இனி இதில் எதையும் தொடவேண்டாம். கெட்டுப்போன இந்தக் கோப்புக்கே முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வோம்.' கெட்டதற்கு எதற்கு நகல் என்று எனக்குத் தோன்றிற்று. மீட்கும் முயற்சியில் மேலும் கெட்டுவிட்டால், குறைந்த அளவு கெட்ட நிலைக்காவது திரும்பி வரலாம் அல்லவா? அவளுக்குத் தெரிந்த அந்த உண்மை எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டாவது பிழை நேர்ந்திராது.

செய்ததைத் திரும்பப் பெறும் கட்டளை ஒன்று எல்லாச் செயலிகளிலும் உண்டு. அது ஏன் உதவவில்லை? கோப்பு திறந்திருக்கும் வரையில்தான் செயலி நாம் செய்தவற்றை வரிசையாக நினைவில் வைத்திருக்கும். மூடியதும் அந்த நினைவு போய்விடும். நானோ மூடிவிட்டு வீட்டுக்கும் போய் வந்துவிட்டேன்.

'பழைய நகல் எங்காவது இருக்கிறதா, ஐயா?' என்றாள். பன்னிரண்டு நாட்களுக்கு முன் விலை மதிப்பீட்டுக்காக அச்சகத்துக்கு மின்னஞ்சலில் ஒரு நகல் அனுப்பியிருந்தேன். அது கிடைத்தது. பழைய கோலம் பழுதின்றி அதில் இருந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாட்களில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பிழைகளைத் திருத்தியிருந்தார்கள். கவிதைப் பகுதி முழுவதும் பிறகுதான் சேர்ந்தது. பழைய நகலையே எடுத்துக்கொண்டால் கோலம் மீளும், உழைப்பு போகும். புதியதை வைத்துக்கொண்டால் உழைப்பு நிற்கும், கோலம் இல்லை. எதை விடுவது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் எதையும் விடவில்லை. என்னைக் கெடுத்த அதே கட்டளையை எடுத்தாள். இம்முறை பாணிகளைக் கொடுக்கும் கோப்பாக அச்சகத்துக்கு அனுப்பிய பழைய நகலைக் காட்டினாள். 'சொற்களைப் புதியதிலேயே விட்டுவிடுவோம். விதிகளை மட்டும் பழையதிலிருந்து எடுப்போம்' என்றாள். இரண்டும் பிரிந்து இருப்பதனால் அல்லவா இது கைகூடுகிறது? தலைப்புகள் கறுப்பாகி இடப்பக்கம் நகர்ந்தன. மெல்லிய கோடு வந்தது. ஓரவெளி மட்டும் வரவில்லை. பத்திக்கான பாணி வேறு, பக்கத்துக்கான பாணி வேறு. பக்கத்துக்கான கட்டத்தில் அவள் குறியிட மறந்திருந்தாள். அதையும் குறியிட்டுக் கட்டளையை மீண்டும் கொடுத்ததும் கட்டைவிரலுக்கு இடம் கிடைத்தது.

மறுபதிப்புக் கட்டுரைகளின் கதை வேறு. அவை யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்டவை. அக்காலத்து எழுத்துருக்களில் தமிழ் எழுத்துக்கென்று தனி எண் கிடையாது. ஆங்கில எழுத்துக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்துருவிலும் ஒவ்வொரு வரிசை. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்து இதை ஒழுங்குபடுத்த முயன்றது. 2010இல் யூனிகோடு முறையை ஏற்றது. பழைய முறையில் எழுதிய பக்கத்தில், உடையை மாற்றினால் உடலே மாறியதுபோல் தோன்றும். எழுத்துரு என்னும் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் அது தமிழ். நான் நீக்கியது அந்தக் கண்ணாடியை. பழைய நகலில் அந்த எழுத்துருவின் பெயரைப் பார்த்து, நான்கு கட்டுரைகளுக்கும் அதை மீண்டும் அணிவித்தோம். எழுத்துகள் ஒன்று விடாமல் திரும்பி வந்தன. பிறகு அவற்றை யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு முறை மெய்ப்புப் பார்த்தோம். இது சற்று அலுப்பான வேலை. அதைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை.

எஞ்சியவை கவிதைகள். ஒன்பது கவிதைகள். கவிதைகளை இடப்புறத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பது விதியாக எங்கும் எழுதப்படவில்லை. ஒவ்வொன்றையும் கையால் தள்ளி வைத்திருந்தேன். என் இரண்டாவது பிழை அதைத் துடைத்துவிட்டது. பழைய நகலிலோ கவிதைகள் இல்லை. சாட்சி என்று எஞ்சியவை அச்சிட்ட பழைய மலர்கள்தாம். ஓவிய ஆசிரியர் கடைசியாகத் தயாரித்த மலரை அலமாரியிலிருந்து எடுத்து, அளவுகோலை வைத்து அளக்கத் தொடங்கினோம்.

இப்படி அளந்து மீட்டவர்கள் உலகில் உண்டு. போலந்தின் தலைநகரமான வார்சாவின் பழைய நகர்ப்பகுதியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் இரண்டாம் உலகப்போரில் நாஜிப் படைகளால் அழிக்கப்பட்டது. போர் முடிந்ததும் மக்கள் அதைப் பழைய கோலத்திலேயே கட்டி எழுப்பினார்கள். கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன்பு வீடு வீடாக அளந்து வரைந்திருந்த படங்கள் மறைத்துவைத்துக் காக்கப்பட்டிருந்தன, அவை துணைசெய்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற ஓவியர் தீட்டிய நகரக் காட்சிகளும் துணைசெய்தன. 1980இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்த நகர்ப்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அந்த மாணவர்கள் வரைந்த நாளில் அது வெறும் பாடப்பயிற்சியாகவே இருந்திருக்கும். ஒன்பது கவிதைகளுக்கு வார்சாவை இழுப்பது மிகையென்று தோன்றலாம். ஆனால் அளவுகோலோடு குனிந்திருந்த எனக்கு அந்த நகரந்தான் நினைவுக்கு வந்தது.

அளப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு வரிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நேரே அளந்தால் கண் ஏமாறும். முதல் வரியின் அடியிலிருந்து பதினொன்றாம் வரியின் அடிவரை அளந்து, பத்தால் வகுக்கவேண்டும். நீண்ட கவிதை ஒன்றில் அப்படி அளந்தோம். 60 மில்லிமீட்டர் வந்தது. வரிக்கு 6 மில்லிமீட்டர். கணினியில் ஒரு பாயிண்டு என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. கணக்கிட்டால் வரி இடைவெளி 17 பாயிண்டு. இது எளிதாக முடிந்தது.

இடப்புற வெளிதான் எங்களைத் திணறச் செய்தது. முதற் கவிதையில் 27 மில்லிமீட்டர், அடுத்ததில் 16, மூன்றாவதில் 31. ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அவர் கண்மதிப்பாகத் தள்ளி வைத்திருக்கிறார் என்றுதான் நான் எப்போதும் எண்ணியிருந்தேன். ஆகையால் அவர் மறைந்த பிறகு நான் எல்லாக் கவிதைகளையும் 25 மில்லிமீட்டர் தள்ளி, ஒரே சீராக நிறுத்தி வந்தேன். ஒழுங்கு செய்ததாக எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

மாணவிதான் வலப்புறத்தையும் அளந்து பார்த்தாள். பக்கத்தில் எழுத்து நிற்கும் அகலம் 130 மில்லிமீட்டர். முதற் கவிதையின் மிக நீண்ட வரி 76 மில்லிமீட்டர். இடப்புறம் 27, வலப்புறம் 27. இரண்டாவது கவிதையின் நீண்ட வரி 98; இருபுறமும் 16. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொரு கவிதையின் நீண்ட வரியையும் அவர் அளந்து, அந்த வரி பக்கத்தின் நடுவில் நிற்கும்படி கவிதை முழுவதையும் தள்ளி வைத்திருக்கிறார்! வரிகள் இடப்புறம் ஒரே நேராகத் தொடங்கும். ஆனால் கவிதை பக்கத்தின் நடுவில் அமர்ந்திருக்கும். அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்பொழுதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அழைப்பிதழ் நாளன்று நான் தவறுதலாக மாற்றியதை ஒரே நாளில் கண்டுகொண்டேன். 113 பக்கமும் பச்சைத் தலைப்பும் கூவி அழைத்துச் சொல்லின. மூன்று ஆண்டுகளாக நான் மாற்றி வந்ததோ யார் கண்ணுக்கும் படவில்லை. எழுதிவைத்த விதி பழைய நகலில் பத்திரமாக இருந்தது. எழுதாத விதி ஒரு மனிதரோடு போயிருந்தது; அச்சான தாளில் அதன் தடம் மட்டும் நின்றது.

ஒன்பது கவிதைகளையும் அவர் விதிப்படியே அமைத்தோம். அந்த விதியை இரண்டு வாக்கியத்தில் எழுதி, மலரின் கோப்போடு சேர்த்து வைத்தோம். கோப்புக்கு மூன்று நகல்கள் எடுத்தோம். அவற்றில் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை தொண்ணூற்றாறு பக்கங்களாக மலர் அச்சகத்துக்குப் போயிற்று.

அச்சாகி வந்த அன்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மலரை விரித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். 'ஐயா, எல்லார் கவிதையும் நடுவில் இருக்கிறது. என் கவிதை மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே?' என்று கேட்டாள். அவள் கவிதையில் ஒரு வரி 126 மில்லிமீட்டர் நீளம். நான் மேசையிலிருந்த அளவுகோலை எடுத்து அவளிடம் கொடுத்து, அந்த வரிக்கு இருபுறமும் அளந்து பார்க்கச் சொன்னேன். இடப்புறம் 2 மில்லிமீட்டர். வலப்புறம் 2 மில்லிமீட்டர்.