இலையில் சோற்றுக்கு எவ்வளவு இடம்?

(கார்த்திகைத் திங்களில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் யாம் இதற்கு முன் பேசியவை எல்லாம் இலக்கியப் பொருள்கள். சிலம்பைப் பற்றிப் பேசினோம். கம்பரைப் பற்றிப் பேசினோம். இன்று சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் அவர்கள் சிரித்தார்கள். "சோற்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, ஐயா? உண்ண வேண்டியதுதானே!" என்றார்கள். அவ்வாறு சிரித்தவர்களே சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் இட்டுக்கொண்டதையும் யாம் கண்டோம். சென்ற திங்கள் கூட்டம் முடிந்து சிற்றுண்டி பரிமாறுவதற்கு முன்னர் இம்மன்றத்தில் மாத்திரை உட்கொண்டவர்களை எண்ணத் தொடங்கினோம். இருபத்திரண்டுக்கு மேல் எண்ண எமக்கு மனம் வரவில்லை.

நீரிழிவு இன்று ஒரு சிலர்க்கு வரும் நோய் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நாடெங்கும் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உற்றோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்; நோயின் வாயிலில் நிற்போர் பதின்மூன்று கோடிக்கும் மேற்பட்டவர். அதே ஆய்வாளர்கள் நம் உணவை அளந்து 2025இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் கருதத்தக்கது. இந்தியர் ஒருவர் நாள்தோறும் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். புரதத்திலிருந்து வருவது 12 விழுக்காடே. வயிறு நிறைகிறது, உடல் நிறைவதில்லை என்று எம் பாட்டியார் வேறெதற்கோ சொன்ன சொல் இதற்கும் பொருந்தும்.

இனி எம் கதைக்கு வருவோம். யாம் 1974இல் தில்லிக்கு வந்தோம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு சாக்கும் எம்மிடம் இருந்தன. பெட்டியில் துணிகள், சாக்கில் ஊர்ப் புழுங்கலரிசி. அதன்பின் பல ஆண்டுகள் ஊரிலிருந்து வந்த எவரும் வெறுங்கையோடு வந்ததில்லை. அரிசி தீர்ந்துபோன நாளில்தான் நாம் அயலூரில் இருக்கிறோம் என்பது உறைக்கும். இங்குள்ள முதியோர் யாவர்க்கும் இது தெரியும். ஆகவே, "சோற்றைக் குறையுங்கள்" என்று மருத்துவர் கூறும்போது அவர் ஒரு உணவுப்பொருளைக் குறைக்கச் சொல்கிறார். நம் செவியிலோ "ஊரைக் குறையுங்கள்" என்று விழுகிறது. அறிவுரை கேட்டோர் பலர் ஒரு திங்களுக்குள் பழைய இலைக்கே திரும்பிவிடுவதற்கு நாவடக்கம் இன்மை மட்டும் காரணம் அன்று என்பது எம் கருத்து.

எம் தமையனார் அப்படித் திரும்பியவர். ஊரில் இருந்தார், ஐம்பதாம் வயதில் நோய் கண்டது. வீரமாக ஒரே நாளில் அரிசியைத் துறந்தார். பத்தொன்பது நாள் ஒரு பருக்கையும் தொடவில்லை. இருபதாம் நாள் உறவினர் வீட்டுத் திருமணம். அன்று உண்டதோடு விரதம் கலைந்தது. கலைந்த விரதத்தை மீண்டும் தொடங்க நாணி, முன்னினும் மிகுதியாக உண்டார். பின்னர்க் காலில் ஒரு புண். இரண்டு விரல்களை எடுத்தார்கள். 2009இல் மறைந்தார். அவர் இலையைக் கொஞ்சங் கொஞ்சமாக மாற்றியிருந்தால் என்ற எண்ணம் எம்மை விட்டு அகலுவதில்லை.

இவ்வளவும் கண்ட பின்பும் யாம் அறிவு பெற்றோமா என்றால், இல்லை. 2011இல் எமக்கும் நோய் கண்டது. யாம் செய்த முதற்காரியம், இங்குள்ள பலரும் செய்வதே: சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினோம். வடக்கே வாழ்கிறோம், வடக்கத்தியர் உணவை உண்போம் என்று பெருமை வேறு. ஆறு மாதம் கழித்துக் குருதியைச் சோதித்தால் சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது. கணக்குப் பார்ப்போம். ஒரு கிண்ணம் சோற்றில், அதாவது 150 கிராம் சோற்றில், சுமார் 40 கிராம் மாவுச்சத்து உண்டு. நடுத்தரமான சப்பாத்தி ஒன்றில் சுமார் 20 கிராம். மூன்று கிண்ணம் சோறு உண்டவர் ஆறு சப்பாத்தி உண்டால் என்ன மாறிற்று? நிறம் மாறிற்று. கோதுமையில் நாரும் புரதமும் சிறிது மிகுதி என்பது உண்மையே. ஆயினும் மேற்சொன்ன 2025ஆம் ஆண்டுக் கட்டுரை, மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதிலாகக் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைப்பதால் நோய்வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றே கூறுகிறது. மாவுச்சத்தில் ஒரு பகுதியை விட்டு அவ்விடத்தில் பருப்பு, பால், தயிர் முதலியவற்றின் புரதத்தை வைத்தால் அது குறைவதாகத் தெரிகிறது. நம் ஏகாதசி விரதமும் இப்படித்தான் ஆயிற்று. அரிசியை விலக்கி, இரவில் ரவை உப்புமாவும் ஜவ்வரிசியும் வயிறார உண்கிறோம். பெருமாள் பொறுத்துக்கொள்வார், கணையம் பொறுப்பதில்லை.

சப்பாத்தி கைவிட்டதும் எமக்குச் சினம் மூண்டது. தமையனார் வழியையே பற்றினோம். ஒரே நாளில் சோறு, சப்பாத்தி இரண்டையும் நிறுத்தினோம். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் உட்கொண்டோம். மூன்றாம் நாள் கரோல்பாக்கில் பேருந்துக்கு நின்றபோது கை நடுங்கிற்று, வியர்வை ஆறாகப் பெருகிற்று, எதிரே வந்த பேருந்தின் எண்ணைப் படிக்க இயலவில்லை. தேநீர் விற்பவர் ஒருவர் எம்மைப் பிடித்து உட்காரவைத்து, "பாபூஜி, குடியுங்கள்" என்று சர்க்கரை மிகுந்த தேநீரைப் புகட்டினார். எந்தச் சர்க்கரைக்கு அஞ்சினோமோ அதுவே அன்று உயிர் காத்தது. யாம் உட்கொண்ட மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உணவு பாதியாகியும் மாத்திரை குறையாவிடின் சர்க்கரை அளவுக்குக் கீழே வீழும் என்று மருத்துவர் பின்னர் விளக்கி, தம்மிடம் ஒரு சொல் கேளாமற் செய்ததற்காக எம்மைக் கடிந்துகொண்டார். பிழை முற்றும் எம்முடையதே.

ஆதலின் முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறோம். இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கணையத்தைத் தூண்டும் மாத்திரை உண்போரும், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் உணவில் மாவுச்சத்தைக் குறைக்கலாகாது. இறுதியிற் சொன்ன மாத்திரையோடு மாவுச்சத்தை அறவே விட்டால் குருதியில் அமிலம் மிகும் இடர் உண்டு. சிறுநீரகம் பழுதுற்றோர் புரதத்தைக் கூட்டுமுன் கேட்டல் வேண்டும். கருவுற்ற பெண்டிர்க்கும் வளரும் சிறுவர்க்கும் இவ்வுரை உரியதன்று.

திடீரென நிறுத்தினால் மருந்து உண்ணாதவர்க்கும் தொல்லை உண்டு. ஈரலிலும் தசையிலும் சர்க்கரை ஒருவகை மாப்பொருளாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதனோடு ஏறத்தாழ மூன்று மடங்கு நீரும் சேர்ந்திருக்கிறது. சேமிப்பு கரையும்போது நீரும் உப்பும் உடன் வெளியேறும். தலைவலி, சோர்வு, மயக்கம், மலச்சிக்கல் எல்லாம் வரும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தேன் என்று மகிழ்வோர் பெரும்பாலும் தண்ணீரைத்தான் இழந்திருக்கிறார்கள்.

அப்படியானால் படிப்படியாகக் குறைப்பது எங்ஙனம்? எமக்கு அந்த வழியைக் காட்டியது நம் இலையே. தமிழர் உணவில் சோறு ஒருமுறை வருவதில்லை, மும்முறை வருகிறது. குழம்புக்கு ஒரு சோறு, இரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. இந்த மூன்று படிகள் இறங்குவதற்கும் உதவுகின்றன. முதல் மாதம் மோர்ச் சோற்றை மட்டும் நிறுத்தி, மோரைக் குவளையில் பருகினோம். மோர் இலையிலிருந்து போய்விடவில்லை; சோறுதான் போயிற்று. இரண்டாம் மாதத்தின் நடுவில் இரசத்தையும் அவ்வாறே குவளைக்கு மாற்றினோம். மிளகும் சீரகமும் மணக்கும் இரசத்தைத் தில்லிக் குளிரில் சுடச்சுடக் குடிப்பது சோற்றோடு பிசைந்து உண்பதினும் இனிது என்பது யாம் அறுபது வயதுக்குமேற் கண்ட உண்மை. எஞ்சியது குழம்புச் சோறு ஒன்றே. அதை யாம் விடவில்லை. இன்றும் உண்கிறோம், ஒரு கிண்ணம்.

சோறு போன இடத்தை வெறுமையாக விட்டால் நான்கு மணிக்கே பசி எடுத்து முறுக்கு டப்பாவைத் தேடுவோம். அவ்விடத்தில் கூட்டும் பொரியலும் சுண்டலும் பெருக வேண்டும். நம் வீடுகளில் பொரியல் தொட்டுக்கொள்ளும் பொருளாய் ஓரத்தில் ஒரு கரண்டி வைக்கப்படுகிறது. அதை இலையின் பாதியாக்கி, சோற்றை ஓரத்துக்கு அனுப்ப வேண்டும். உண்ணும் வரிசையும் பயன் தருகிறது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுப்பொருளை இறுதியில் உண்டால், அதே அளவு உணவாயினும் உண்டபின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். யாம் முன்னெல்லாம் சோற்றை உண்டு முடித்துப் பொரியலை இலையில் விட்டு எழுபவர்கள்.

இலைக்கு வெளியே உள்ளவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாளுக்கு நான்கு குவளை காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் சுமார் 40 கிராம் ஆகும். ஒரு கிண்ணம் சோற்றுக்கு நிகர். இதை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தோம். நான்காம் வாரத்தில் நாக்கு முணுமுணுப்பதை நிறுத்தியது. காலை இட்டலி நான்கை இரண்டாக்கி, முட்டையோ பன்னீரோ சேர்த்தோம். இரவு உணவுதான் கடினமாயிருந்தது. அடை இரண்டும் அவியலும் என்று அங்கே போர் நின்றது. அடையிலும் அரிசி உண்டு என்று எவரேனும் கேட்பீர்களாயின், ஆம், உண்டு. பருப்பை இரு பங்கும் அரிசியை ஒரு பங்கும் ஆக்கிவிட்டோம்.

காய்கறிக்குத் தில்லியைப் போன்ற ஊர் இல்லை. குளிர்காலத்தில் சொல்லவே வேண்டா. கார்த்திகை பிறந்தால் பாலக்கும் வெந்தயக்கீரையும் கடுகுக்கீரையும் பத்துவாக் கீரையும் தள்ளுவண்டியில் மலைபோற் குவிகின்றன. காலிபிளவர், முள்ளங்கி, பச்சைப் பட்டாணி, எல்லாம் மலிவு. நாம் ஐம்பது ஆண்டு இவ்வூரில் வாழ்ந்தும் முருங்கைக்காய்க்காக ஐ.என்.ஏ. சந்தைவரை ஓடினோமே அன்றி, வாயிலில் வந்த கடுகுக்கீரையைக் கண்ணெடுத்துப் பார்த்தோமில்லை. எம் அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார் கற்றுத் தந்த கடுகுக்கீரையில் எம் இல்லத்தார் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டாக்கிவிட்டார்கள். அது பஞ்சாபும் அன்று, தஞ்சாவூரும் அன்று, நன்றாயிருக்கிறது.

இல்லத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோர்ச் சோறு வேண்டாம் என்று இலையை மூடிய முதல் நாள் அவர்கள் ஒன்றும் பேசவில்லை. இரசச் சோறும் வேண்டாம் என்றபோது, "இனி இந்த வீட்டில் உலை வைக்கவே வேண்டாமா?" என்று கேட்டார்கள். கண் கலங்கியிருந்தது. நாற்பதாண்டு வடித்த கைக்குச் சோறு வேண்டாம் என்பது எப்படிக் கேட்கும் என்று யாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. அதன்பின் அவர்களையும் உடன் அமர்த்தி, எந்தக் காய், எவ்வளவு பருப்பு என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். மாறுதல் உறுதிப்பட்டது அந்நாளிலிருந்துதான். ஓராண்டில் எம் மூன்று மாதச் சராசரி 8.9இலிருந்து 6.8க்கு இறங்கிற்று. மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். நோய் போய்விட்டது என்று யாம் சொல்லவில்லை, அடங்கியிருக்கிறது.

இது புதுமை அன்று. இலண்டனில் ஈமக்கடன் செய்யும் தொழிலினரான வில்லியம் பாண்டிங் என்பவர் 1863இலேயே ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கைக் குறைத்து உடல் இளைத்த கதையைச் சிறுநூலாக வெளியிட்டார். 1921இல் இன்சுலினைக் கண்டவருள் ஒருவரும் பாண்டிங் என்னும் பெயரினர். இருவரையும் ஒருவராக்கிப் பேசுவோர் உளர். திருவள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை; உண்ணும் அளவே பெரிதும் பேசப்படுகிறது.

மாவுச்சத்தை அறவே விட வேண்டும் என்போரோடு எமக்கு உடன்பாடில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் உடற்பருமன் உடைய, நீரிழிவு இல்லாத 609 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறு மாவுச்சத்தையும் மற்றொன்று கொழுப்பையும் குறைக்குமாறு செய்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டின் முடிவில் எடைக் குறைவில் இரு கூற்றுக்கும் குறிக்கத்தக்க வேறுபாடு இல்லை. எம் போன்ற நோயாளிக்கு மாவுச்சத்தைக் குறைப்பதில் தனிப்பயன் உண்டு; ஆயினும் எட்டு நாள் நிற்கும் கடுந்தவத்தினும் எட்டு ஆண்டு நிற்கும் ஒரு கிண்ணச் சோறு மேல் என்றே யாம் கொண்டிருக்கிறோம். திருமண வீட்டில் இரண்டு கிண்ணம் உண்டால் மறுநாள் மீண்டும் ஒன்று. தமையனாருக்கு இதைச் சொல்ல அன்று எவரும் இல்லை.

தைத்திங்களில் நம் ஆண்டு விழா வருகிறது. பொங்கல் இல்லாமல் அவ்விழா இல்லை. அதைக் குறைக்குமாறு யாம் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவே: பந்தியில் கூட்டையும் பொரியலையும் சுண்டலையும் முதலில் பரிமாறி, அவற்றை உண்ண ஐந்து நிமிடம் விட்டுப் பின்னர்ச் சோற்றுக் கூடையைக் கொண்டுவர வேண்டும். மோரும் இரசமும் விரும்புவோர்க்குக் குவளையில் தர வேண்டும். கூடுதல் காய்கறிக்கு ஆகும் செலவை யாம் ஏற்பதாகச் சொன்னோம். செயலாளர் அவர்கள் இசைந்துவிட்டார்கள். குவளை மட்டும் நூற்றைம்பது குறைகிறதாம். வீட்டிலிருந்து ஆளுக்கொரு குவளை கொண்டு வாருங்கள்.